ஒத்தடமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலை. பாபநாசம் கோயில் படித்துறையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தால், திண்ணையில் என் மனைவியின் தம்பி மகள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு துணிப்பை. பை நிறையக் காகிதங்கள்.

“மாமா, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் ஃபைல் பாத்தவங்க. இதையெல்லாம் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். நாலரை வருஷப் படிப்பு முடித்து, திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் சம்பளத்துக்கு இருந்தவள். விக்கிரமசிங்கபுரத்தில் சொந்தமாகக் கிளினிக் தொடங்கப் போகிறாள். வாடகைக் கட்டடம், இரண்டு கட்டில், நாலு மெஷின். மெஷினுக்கு பேங்க் கடன். அட்வான்சுக்கு அவள் அம்மாவின் நகை அடகு. அந்த நகை என் மைத்துனர் மில்லில் இருந்த காலத்தில் போனஸ் போனஸாகச் சேர்த்து வாங்கியது. அதன் அருமை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து, ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊருக்கு வந்து தாமிரபரணியில் குளித்துக் கொண்டிருப்பவன். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கேட்டது வைத்தியத்தைப் பற்றி அல்ல. “எது எது தப்பாப் போவும், அதுக்கு முன்னாடியே என்ன செஞ்சு வைக்கணும்?” இதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய், ஒரு தொழிலின் நூற்று முப்பது வருஷச் சரித்திரத்தைப் படிக்கும்படி ஆயிற்று. படித்ததை எழுதி வைக்கிறேன். நம் வயதுக்காரர்களில் பிசியோவிடம் போகாதவர் யார்?

என் கால் சுட்ட கதை

முதலில் என் சொந்தக் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் வெளியூரில் மகன் வீட்டில் இருந்தபோது எனக்கு முழங்கால் வலி. பக்கத்தில் இருந்த ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். கட்டிலில் படுக்கச் சொல்லி, முழங்காலிலும் கெண்டைக்காலிலும் சூடான ஒத்தடப் பையை வைத்துவிட்டு அங்கே வேலை செய்த பையன் வெளியே போய்விட்டான். எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. இருபது வருஷச் சர்க்கரைக்காரன். முழங்காலுக்குக் கீழே சூடு சரியாக உறைப்பதில்லை என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கெண்டைக்காலில் கோழிமுட்டை அளவு கொப்புளம். ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று.

கேட்கப் போனேன். “சுகர் இருக்குன்னு நீங்க சொல்லலையே சார்” என்றார்கள். “நீங்க கேக்கலையே” என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. வக்கீல் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “என்ன காகிதம் வச்சிருக்கீங்க?” பில் இல்லை, சீட்டு இல்லை, என் பெயர் எழுதிய ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. ஒரு காகிதம் காணாமல் போனதற்காக மூன்று நாள் தூங்காமல் இருந்தவன் நான். என் காலுக்கு ஒரு ரசீது வாங்கி வைக்கத் தோன்றவில்லை.

அந்தக் கொப்புளத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. மருமகள் காகிதப் பையோடு வந்த அன்று அதைத்தான் முதலில் காட்டினேன்.

லண்டனில் நாலு பெண்கள்

இந்தத் தொழில் பிறந்ததே ஓர் அவப்பெயரிலிருந்து தப்பிக்கத்தான். 1894-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவப் பத்திரிகை, லண்டனில் மசாஜ் நிலையம் என்று பலகை மாட்டிக்கொண்டு உள்ளே வேறு தொழில் நடக்கும் வீடுகளைப் பற்றி எழுதியது. ஊர் முழுக்க அதே பேச்சு. உண்மையிலேயே நோயாளிகளுக்கு உடம்பு பிடித்துவிட்டுப் பிழைத்த பெண்களின் பெயரும் அதோடு கெட்டது.

அப்போது லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர் என்ற நாலு பெண்கள், நர்ஸ் வேலையும் பேறுகால வேலையும் பயின்றவர்கள், ஒன்று சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கம் என்று பெயர். தேர்வு வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். கையோடு நாலு விதிகளும் போட்டார்கள். டாக்டர் சொல்லாமல் யாருக்கும் சிகிச்சை செய்யக் கூடாது. ஆண்களுக்குப் பொதுவாகச் செய்யக் கூடாது. அவசர நோயாளி என்று டாக்டர் தனியாகக் கேட்டால் மட்டும் செய்யலாம். மருத்துவப் பத்திரிகை தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது.

1900-ல் அந்தச் சங்கம் சட்டப்படி பதிவானது. முதல் உலகப் போரில் கை கால் இழந்து வந்த சிப்பாய்களுக்கு இந்தப் பெண்கள்தான் உடம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1920-ல் அரசரின் சாசனம் கிடைத்தது. 1944 வாக்கில் பெயர் பிசியோதெரபி சங்கம் என்று மாறியது.

இதை மருமகளிடம் சொன்னபோது சிரித்தாள். “மாமா, போன வாரம் ஒருத்தர் வந்து, ‘குத்தாலத்துல எண்ணெய் போட்டுப் பிடிச்சு விடுதாங்களே, அதுதானே நீயும் செய்யப் போற?’ன்னு கேட்டாரு” என்றாள். குற்றாலத்து மசாஜ்காரர்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெண்பிள்ளை ஒருத்தி கதவுக்குப் பின்னால் ஆண்களின் முதுகைத் தொட்டுச் சிகிச்சை செய்கிறாள் என்றால் ஊர் என்ன பேசும் என்ற பயம், 1894-ல் லண்டனில் இருந்ததுதான் இன்றைக்கு விக்கிரமசிங்கபுரத்திலும் இருக்கிறது.

‘கினே’ என்ற சொல்

இந்தத் தொழிலின் பெயரை நான் முதலில் கேட்டது பிரெஞ்சில்தான். என் சிறுவயதில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் தெருவுக்கு இருவர் இருப்பார்கள். இந்தோசீனாவில் குண்டடிபட்ட ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருந்தார். பிரான்சில் ஆஸ்பத்திரியில் தன்னை மறுபடி நடக்க வைத்தவரை ‘கினே’ என்பார். ஏதோ ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாஸர்-கினேசிதெராப்யூட் என்ற நீளமான சொல்லின் சுருக்கம் என்று பிறகு தெரிந்தது.

பிரான்சில் வழி வேறு. அங்கே மசாஜ் செய்பவர்கள் ஒரு பக்கம், உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்தார்கள். 1946 ஏப்ரல் 30-ந் தேதிச் சட்டம் இரண்டையும் ஒரே தொழிலாக்கி, அரசு டிப்ளமா இல்லாதவர் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது என்று ஆக்கியது. இங்கிலாந்தில் தொழில் செய்தவர்களே தங்களுக்கு வேலி போட்டுக்கொண்டார்கள். பிரான்சில் அரசாங்கம் போட்டது. நம் நாட்டில் இரண்டுமே வெகுகாலம் அரைகுறையாகத்தான் இருந்தது.

போலியோவும் ஆய்க்குடியும்

இந்தியாவில் பிசியோதெரபியை வளர்த்தது போலியோ. பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் 1950-களின் தொடக்கத்தில் இதற்கென்று பள்ளி வந்தது. 1955-ல் இந்தியப் பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் ஏற்பட்டது.

நம் பக்கத்தில் வேலூர் முந்திக்கொண்டது. அங்கே மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954-ல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது.

இன்னும் பக்கத்தில் வந்தால் ஆய்க்குடி. தென்காசி தனி மாவட்டம் ஆகுமுன் நம் திருநெல்வேலி மாவட்டம்தான். அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் 1975-ல் விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் ஊர் திரும்பினார். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தன்னைக் கவனித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். பின்னால் தசைநோய் உள்ள ஆடிட்டர் எஸ். சங்கர ராமன் அவரோடு சேர்ந்தார். கணக்கும் காகிதமும் சரியாக இருந்ததால்தான் அது இவ்வளவு தூரம் வளர்ந்தது என்று நான் நினைப்பதுண்டு; குமாஸ்தா புத்தி. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு பாடமும் இருக்கிறது. இயற்கையாகப் பரவும் போலியோ 2011-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. எந்த நோய் இந்தத் தொழிலை வளர்த்ததோ அதுவே போய்விட்டது. நாட்டுக்கு நல்லது. பிசியோக்கள் வாதம், முதுகு, கழுத்து, முழங்கால் என்று மாறிக்கொண்டார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் முழங்காலுக்குப் பஞ்சமில்லை. ஹார்வி கம்பெனி 1885-ல் அருவித் தண்ணீரை நம்பி இங்கே மில் வைத்த நாளிலிருந்து, நின்றே நூல் நூற்ற கால்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன.

சட்டம் வந்த வழி

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. மிக்சியும் ஃபேனும் பழுதானால் கேஸ் போடுவதற்கு என்றுதான் நாங்கள் ஆபீசில் பேசிக்கொண்டோம். வைத்தியமும் அதில் வருமா என்று பெரிய சண்டை. வராது என்றது நம் சென்னை உயர் நீதிமன்றம், 1994-ல். மறு வருஷம் நவம்பர் 13-ந் தேதி, இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தா என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது.

அந்தத் தீர்ப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் இடத்துக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனால் சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்தால், அந்த இலவச நோயாளியும் கேஸ் போடலாம். மருமகள் வெள்ளிக்கிழமைகளில் வசதியில்லாதவர்களுக்குச் சும்மா பார்ப்பதாக இருந்தாள். “அவங்ககிட்டதான் காசு வாங்கலையே, அவங்களுக்கு நோட்டுல எழுதணுமா மாமா?” என்று கேட்டாள். கட்டாயம் எழுத வேண்டும் என்றேன். காசு வாங்காத இடத்தில்தான் நமக்குக் கவனம் குறையும்.

1996-ல் இன்னொரு தீர்ப்பு. ஹோமியோபதி படித்த ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்துபோன வழக்கு. தனக்குத் தெரியாத முறையில் கை வைத்ததே கவனக்குறைவுதான் என்றது உச்ச நீதிமன்றம். வலி மாத்திரை ஒன்று கொடுங்களேன் என்று பிசியோவிடம் கேட்காத நோயாளி இல்லை. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் பதில். லண்டன் பெண்களின் நாலாவது விதியும் இதுதான்.

2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் டாக்டர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. பலன் கெட்டதாக அமைந்துவிட்டது என்பதாலேயே குற்றம் ஆகிவிடாது. அந்தத் தொழிலில் சாதாரணமாக எதிர்பார்க்கும் கவனம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். 2008-ல் சமீரா கோஹ்லி வழக்கில், நோயாளிக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் செய்யக் கூடாது என்றார்கள்.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்யும் சட்டம் 1997-ல் வந்தது. விதிகள் வந்தது 2018-ல். இருபத்தொரு வருஷம்! அரசாங்க ஃபைல் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இது அதிகம். பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களுக்கு அகில இந்திய அளவில் ஓர் ஆணையமும் பதிவேடும் வேண்டும் என்ற சட்டம் வந்தது 2021-ல்தான். பிரான்சுக்கு எழுபத்தைந்து வருஷம் பின்னால்.

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2025 செப்டம்பரில் டில்லியிலிருந்து போடக் கூடாது என்று ஒரு கடிதம் வந்தது, அடுத்த நாளே வாபஸ் ஆனது. மருமகள் பலகை எழுதும்போது இந்தக் கடிதமெல்லாம் கிடையாது. ஆனாலும் பெயர், பி.பி.டி., பிசியோதெரபிஸ்ட், அவ்வளவு போதும் என்றேன். பெயின்டருக்குக் கோபம். அவர் ஏற்கெனவே ‘டா’ வரைக்கும் எழுதிவிட்டார்.

விக்கிரமசிங்கபுரத்து நோட்டு

பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஆபீஸ் பழக்கத்தில் நான் கோடு போட்டுக் கொடுத்தேன். என்ன எழுத வேண்டும் என்பது அவள் படிப்பு. எப்படி எழுத வேண்டும் என்பது என் அனுபவம்.

முதல் நாள் கேட்க வேண்டிய கேள்விகள்: சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, உடம்பில் பிளேட், ஸ்க்ரூ உண்டா, புற்றுநோய் வந்ததுண்டா, பெண்கள் என்றால் கர்ப்பமா, சமீபத்தில் விழுந்தீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். பேஸ்மேக்கர் உள்ளவரை ஷார்ட் வேவ் மெஷின் பக்கத்திலேயே விடக் கூடாதாம். எனக்கு அதெல்லாம் புதுச் செய்தி. சூடு வைக்கும் முன் இரண்டு சோதனைக் குழாயில் வெந்நீரும் தண்ணீரும் எடுத்து, தொட்டால் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். “இது எங்களுக்கு முதல் வருஷப் பாடம் மாமா” என்றாள். என் தழும்பைத் தடவிக்கொண்டேன்.

எழுதும் முறைக்கு நான் சொன்னது மூன்றுதான். அன்றைக்கு உள்ளதை அன்றைக்கே எழுது. தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு மட்டும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடு, ஒயிட்னர் தடவாதே. நோயாளியோ கூட வந்தவரோ ஒரு கையெழுத்துப் போடட்டும். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருஷம். டாக்டர்கள் மூன்று வருஷம் ரெக்கார்டு வைக்க வேண்டும் என்று விதி. நீயும் அதற்குக் குறையாமல் வை என்றேன்.

பிறகு வீட்டுக்குப் போய்ச் செய்யும் சிகிச்சை. இதில்தான் வருமானம், இதில்தான் பயமும். லண்டன் பெண்களைப் போல ஆண்களுக்கே செய்ய மாட்டேன் என்றால் இந்தக் காலத்தில் நடக்காது. எனவே முதல் தடவை கிளினிக்குக்குத்தான் வர வேண்டும். வீட்டுக்குப் போனால் வீட்டார் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்று தகப்பனாருக்குத் தெரிய வேண்டும். கிளினிக்கில் உதவிக்கு ஒரு பெண். கட்டிலைச் சுற்றித் திரை இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது.

பணத்தைப் பற்றிப் பேசும்போதுதான் எங்களுக்குள் சச்சரவு வந்தது. ஆறு மெஷின் வாங்க வேண்டும் என்றாள். மெஷின் விற்பவர் எல்லாவற்றையும் தவணையில் தர இருந்தார். நாலு போதும், மிச்சத்தில் மூன்று மாத வாடகையும் தவணையும் பேங்கில் தொடாமல் கிடக்கட்டும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதோடு, நோயாளிகளை அனுப்பப் போகிறவர் அம்பாசமுத்திரத்து டாக்டர் ஒருவர் மட்டுமே. அவர் ஊர் மாறினால் கடையை மூடுவாயா என்று கேட்டேன். இன்னும் இரண்டு டாக்டர்களைப் போய்ப் பார்த்தாள். தொழிலில் தவறு நேர்ந்தால் நஷ்டஈட்டைக் கம்பெனி கட்டும் காப்பீடு ஒன்றும், மெஷின்களுக்கு ஒன்றும் எடுத்தோம்.

அந்தப் பாட்டி

ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. ஒரு நாள் இரண்டு பேர் கிளினிக் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் அம்மா முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தவர், எழுபது வயதுக்கு மேல். முந்தின இரவு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். “எங்கம்மாவ நிக்க வச்சு, நடக்க வச்சு, ஒடிச்சுப் போட்டுட்டியே” என்றார்கள். தெருவே கூடிவிட்டது.

எனக்கு போன் வந்து, ஆட்டோ பிடித்துப் போனேன். மருமகள் நடுங்கிக்கொண்டிருந்தாள், ஆனால் நோட்டைக் கையில் வைத்திருந்தாள். இரண்டு நாள் முந்தைய தேதியில் எழுதியிருந்தது: முந்தின நாள் வீட்டில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்து நின்றதாகச் சொன்னார், நின்று செய்யும் பயிற்சி இன்று கொடுக்கவில்லை, டாக்டரிடம் காட்டச் சொல்லப்பட்டது, வீட்டில் தனியாகக் குளியலறைக்கு விட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. கீழே கூட வந்தவர் கையெழுத்து. மூத்தவரின் மனைவியுடையது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். டாக்டரிடம் காட்டவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். கேஸ் எதுவும் வரவில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்கு மட்டும் நடந்ததை எழுதித் தெரிவித்தோம்.

நோட்டு காப்பாற்றியது என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் ஊர் வாய்க்கு எந்த நோட்டைக் காட்டுவது? அங்கே போனால் எலும்பு ஒடிந்துவிடும் என்று பேச்சுப் பரவியது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்த இடத்தில் இரண்டு பேர், சில நாள் ஒருவரும் இல்லை. அந்த மூன்று மாதம் வாடகையும் தவணையும் பேங்கில் கிடந்த பணத்திலிருந்துதான் போனது. ஆறு மெஷின் வாங்கியிருந்தால் அம்மாவின் நகை ஏலத்துக்குப் போயிருக்கும். இதை நான் அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. அவளே ஒரு நாள் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து அந்தப் பாட்டி வீட்டுக்கு வந்தார். நடை பழக்க ஆள் வேண்டும். “அந்தப் பிள்ளயத்தான் கூப்பிடணும், வேற யாரும் வேண்டாம்” என்று பிடிவாதம் பிடித்தாராம். இளைய மகன் தயங்கித் தயங்கி வந்து கேட்டார்.

“போகவா மாமா?” என்று என்னிடம் கேட்டாள்.

போகாதே என்றேன். ஒரு தடவை சண்டைக்கு வந்தவர்கள், இன்னொரு தடவை வர மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? முப்பத்தைந்து வருஷ அனுபவம் அப்படித்தான் சொல்லச் சொன்னது. எதிலும் கையெழுத்துப் போடாதவனுக்கு எந்த ஆபத்தும் வராது என்று எங்கள் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு ஆபரேஷன் செய்த டாக்டருக்கு போன் செய்து, எவ்வளவு எடை ஊன்றலாம், எத்தனை நாளில் என்று கேட்டு எழுதி வாங்கினாள். மறுநாள் உதவிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்த மூத்த மகன்.

நாலு மாதம் கழித்து, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் என்று நினைவு, நான் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பாட்டி வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெரு வழியாக நடந்தே வந்தார். வழியில் எத்தனை வீட்டுத் திண்ணையில் நின்று பேசிவிட்டு வந்தாரோ தெரியாது. அந்த வாரத்திலிருந்து கூட்டம் மறுபடி வரத் தொடங்கியது.

அன்றைய நோட்டில் மருமகள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். இருநூறு அடி நடந்தார், வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை என்று இருந்தது. கையெழுத்து இடத்தில் பாட்டியே நடுங்கும் எழுத்தில் தன் பெயரைப் போட்டிருந்தார். போட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பி, “நீரு யாரு, இவளுக்கு மாமாவா? உம்ம முழங்காலும் சரியில்லையே, இங்க காட்டினீரா?” என்றார்.

இன்னும் காட்டவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று இருக்கிறேன். சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.